அக்காவின் ரத்தத்தில் இருந்த இரும்பு

1

இன்று காலை டாக்டர் ஹெலன் சமையலறைக்கு வந்து ஜெல்லி வேண்டும் என்றார். போன வருஷமும் இதே மாதத்தில்தான் கேட்டார். அதனால் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எட்டாவதோடு சரி. பிழை இருந்தால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொல்லிமலை, அரியூர் நாடு. இங்கிலாந்தின் வடக்கே ஒரு கல்லூரியில் சமையல் வேலை. வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மழை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அங்கே மழை பெய்தால் பெய்கிறது என்போம். இங்கே அதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

ஹெலன் மருத்துவ இயற்பியல் நடத்துகிறவர். ஆஸ்பத்திரியில் இருக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின்கள் எப்படி வேலை செய்கின்றன என்கிற படிப்பு. டாக்டர் என்றாலும் ஊசி போடமாட்டார். அவருடைய வகுப்புகளில் ஒன்று மட்டும் வேடிக்கையானது. சயின்ஸ் படிக்காத பிள்ளைகள்தான் அதில் சேரலாம். சரித்திரம், சங்கீதம், நாடகம் படிப்பவர்கள். கணக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள்.

முதல் தடவை வந்தபோது, "எனக்கு ஒரு உடம்பு செய்து தர முடியுமா?" என்று கேட்டார். என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் உடம்புதான். செங்கல் அளவு கெட்டியான ஜெல்லி, அதற்குள் வெளியிலிருந்து தெரியாதபடி திராட்சைகள். ஜெல்லி உடம்பு, திராட்சை கட்டி. பிள்ளைகள் வயிற்று ஸ்கேன் கருவியை வைத்துக் கட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

செய்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"ஏலக்காயா?"

"கொஞ்சம்."

"உடம்புக்குள் ஏலக்காய் இருக்காதே."

"எங்கள் ஊரில் இருக்கும்" என்றேன்.

வகுப்பு முடிந்து தட்டை எடுக்கப் போனேன். உடம்பையும் காணோம், கட்டியையும் காணோம். சாப்பிட்டுவிட்டார்கள்.

2

போன வருஷம் அந்த வகுப்பில் என் மகள் தாரணி சேர்ந்தாள். அவள் நாடகம் படிக்கிறாள். நாடகம் படிக்க ஒரு கல்லூரி எதற்கு என்று கேட்டேன். வீட்டில்தான் தினம் நடக்கிறதே. அவள் சிரிக்கவில்லை. "அப்பா, ப்ளீஸ்" என்றாள். அவள் என்னோடு பேசும் தமிழில் பாதி அந்த ஒரு சொல்தான்.

கல்லூரி வராந்தாவில் நான் தள்ளுவண்டியோடு போனால் லேசாகத் தலையாட்டுவாள். நானும் ஆட்டுவேன். இரண்டு தூதரகங்கள் சந்தித்துக்கொள்வது போல இருக்கும்.

ஹெலன் அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதில்லை. ஒரு வேலை கொடுப்பார். ஒரு மெஷினை எடுத்துக்கொள்ள வேண்டும். சயின்ஸ் தெரியாத ஒருவருக்கு அதைப் புரியவைக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான். ஒருத்தன் தலைமுடி வெட்டுகிறவரைப் பிடித்தான். ஒருத்தி தபால்காரரைப் பிடித்தாள். தாரணி யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது என் அக்காவின் வீட்டுக்காரர், காளியப்ப மாமா.

"மாப்ள, உங்கக்கா ஏணியில இருந்து வழுக்கீட்டா."

என் அக்கா பழனியம்மாள் மிளகுக்கொடி ஏறிப் பறிப்பதில் கெட்டிக்காரி. சவுக்கு மரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பக்கத்துத் தோட்டத்தோடு சண்டை போடுவாள்.

"அடி கிடி பட்டுருச்சுங்களா?"

"அடி இல்ல. வலது பாதம் மேல எந்திரிக்க மாட்டேங்குது. தொங்குது. நாமக்கல்லுல டாக்டர் பாத்தாரு. முதுகுல நரம்பு அழுந்துதாம். எம்.ஆர்.ஐ.ன்னு காந்த ஸ்கேன் ஒண்ணு எடுத்துத்தான் மேக்கொண்டு பாக்கோணுங்கறாரு. தாமசம் பண்ணுனா பாதம் அப்படியே நின்னுருமாம்."

"எடுத்தாச்சுங்களா?"

"எங்க? ஸ்கேன் எடுக்கற எடத்து வாசல் வரைக்கும் வந்தா. அங்க மாட்டியிருந்த போர்டைப் படிச்சா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு திரும்பீட்டா. என்னன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறா. உங்கக்கா வாயைத் தொறக்கலீன்னா அது எவ்வளவு பெரிய விசயம்னு உனக்கே தெரியும்."

நான் போனில் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம் தம்பி" என்றாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முடியாது என்று அர்த்தம்.

தாரணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் அத்தைக்குச் சொல்றேன்" என்றாள். எனக்கு ஆச்சரியம். அத்தையோடு அவள் கடைசியாகப் பேசியது பொங்கலுக்கு. "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன் சாமி, நீ?" "நல்லா இருக்கேன்." அத்தோடு முடிந்தது.

3

என் அக்கா வீட்டுக்குப் போக என் மகளுக்கு விசா வேண்டும். அவள் பாஸ்போர்ட் இந்த நாட்டுடையது. என்ன காரணத்துக்காகப் பயணம் என்ற இடத்தில் "பாடம் நடத்த" என்று எழுதப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். அப்படி எழுதினால் வேலை விசா கேட்பார்கள். "உறவினரைப் பார்க்க" என்று எழுதச் சொன்னேன். பொய் என்றாள். பார்க்காமல் எப்படிப் பாடம் நடத்துவாய் என்றேன். எழுதினாள்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். ஹெலன் தீப்பெட்டி அளவில் ஒரு காந்தம் கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் அதிகாரி அதை எடுத்து இது எதற்கு என்றார். தாரணி காந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் போகச் சொன்னார். புரிந்து சொன்னாரா, போதும் என்று சொன்னாரா, தெரியவில்லை.

காரவள்ளி வரை சிரித்துக்கொண்டு வந்தாள். அங்கிருந்துதான் மலைப்பாதை. வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. பாதி மலையில் பஸ்ஸின் ஜன்னல் அவளுக்குத் தேவைப்பட்டது. நடத்துநர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். "ஏனுங்க, பாப்பா வெளியூருங்களா?" என்று கேட்டார். இல்லை, இந்த ஊர்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

அக்கா வாசலில் நின்றாள். வலது காலை இடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி வைத்து வந்தாள், வயல் சேற்றில் நடப்பது போல.

"வா கண்ணு. மெலிஞ்சு போயிட்டியே. உங்கப்பன் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறானாமா, உனக்குப் போடறதில்லையா?"

என்னைப் பார்க்கக்கூட இல்லை.

4

மறுநாள் பாடம். தாரணி காகிதம், படம் எதையும் எடுக்கவில்லை. களத்து மேட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களையும் விடவில்லை.

"நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி அத்தை. நீங்க எல்லாரும் இப்ப தண்ணி. மாமா காந்தம். மாமா, நீங்க அங்க நில்லுங்க. காந்தம் பேசாது."

"பேசாம நிப்பாரா இவரு?" என்றாள் அக்கா.

"தண்ணியெல்லாம் காந்தத்தைப் பாத்துத் திரும்பணும்."

யாரும் திரும்பவில்லை. எல்லாரும் தாரணியின் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து இவரு பேச்சுக்கு ஆரு திரும்பினா?" என்றாள் அக்கா. காந்தத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒருவழியாகத் திரும்பினார்கள். என் கையில் ஒரு அண்டாவும் கரண்டியும் கொடுத்தாள். நான் தட்டினால் எல்லாரும் பலா மரத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். நிறுத்தினால் மறுபடி மாமாவைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். தட்டினேன். நிறுத்தினேன். இளசுகள் சட்டென்று திரும்பி "ஓய்" என்றன. பெரியவர்கள் மெதுவாகத் திரும்பினார்கள். தாரணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சத்தம் வந்த வேகத்தை வைத்து இளசுகள் எங்கே, பெரியவர்கள் எங்கே என்று கையைக் காட்டினாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

"இவ்வளவுதான் அத்தை. நரம்புல இருக்கற தண்ணி ஒரு வேகத்துல திரும்பும். கொழுப்புல இருக்கறது வேற வேகம். மெஷின் அதைக் கேட்டுப் படம் போடும். கத்தி இல்ல, ஊசி இல்ல. சத்தம் மட்டும் நிறைய வரும்."

"இவன் அண்டா தட்டுனதை விடவா?"

"அதை விட."

பிறகு காந்தத்தின் பலத்தைக் காட்ட வேண்டும் என்றாள். கட்டிலில் ஒரு அரிவாளை வைத்து ஹெலன் கொடுத்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அரிவாள் துள்ளிப் போய் ஒட்டியது. பெண்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பது இதைவிடப் பல மடங்கு பெரிது, அதனால்தான் இரும்பு எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றாள்.

அக்கா அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அக்கா திருப்பிச் சொன்னாள். தண்ணீர், காந்தம், அண்டா, சத்தம், படம். ஒன்றும் விடவில்லை. தாரணி வீடியோ எடுத்து முடித்துத் துள்ளிக் குதித்தாள். போவீங்களா என்று கேட்டாள்.

"போறேன் சாமி" என்றாள் அக்கா. "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்கேனுக்கு நாள் வாங்கினோம். நாங்கள் திரும்புவதற்குச் சில நாள் முன்னால்தான் கிடைத்தது.

5

அந்த நாள் நெருங்க நெருங்க அக்கா வாடினாள். கேழ்வரகுக் களி கிண்டி எங்களுக்குப் போடுவாள். அவள் தொடமாட்டாள். கீரை கடைவாள். அதையும் தொடமாட்டாள். வெறும் கஞ்சித் தண்ணி. பயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலை எழுந்தவள் தலை சுற்றி அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே மாமா மரவள்ளிக்கு மண் அணைக்கப் போய் எதையோ கையில் வைத்துக்கொண்டு வந்தார். செடியடியில் கோழி கிளறிப்போட்டிருந்ததாம். சிவப்பு மாத்திரைகள். ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா அக்காவுக்கு மாதாமாதம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை.

"இது என்னடி?" என்றார் மாமா.

அக்கா அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு தாரணியைப் பார்த்துச் சொன்னாள்.

"அருவாளே பறக்குது கண்ணு. நான் எத்தனை காலமா இரும்பு மாத்திர முழுங்கியிருக்கேன். அது ரத்தத்துல ஓடுதுன்னு நர்ஸம்மாதான் சொல்லுச்சு. அந்த மெஷினுக்குள்ள போனா அது சும்மா இருக்குமா? இழுத்துராது?"

அக்கா கையால் இழுத்துக் காட்டினாள்.

"அன்னிக்கு அந்த எடத்துல போர்டு மாட்டியிருந்தாங்க. இரும்போட உள்ள வராதீங்கன்னு. எனக்குப் பையில இருக்கற இரும்பா, உடம்புக்குள்ள இருக்கறதான்னு தெரியல. கேட்டா சிரிப்பாங்க. வந்துட்டேன். இப்ப நீ வேற காட்டிப்புட்ட. அதான் கீர, களி, மாத்திர எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இரும்பு கொஞ்சம் எறங்கட்டும்னு. இந்தத் தேதி வேண்டாம் சாமி. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். நல்லா எறங்கீரும். அப்ப போறேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போவதற்குத்தான் பட்டினி கிடந்திருக்கிறாள். ரெண்டு மாசம் பாதம் காத்திருக்காது.

தாரணியின் முகம் வெளுத்துவிட்டது. "அது இழுக்காது அத்தை" என்றாள்.

"ஏன் இழுக்காது?"

அவளுக்குத் தெரியவில்லை. தண்ணியைப் பற்றிப் படித்தாள். ரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. பெரிய குரலில் "இழுக்காது" என்று இன்னொரு தடவை சொன்னாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

6

அக்கா வீட்டில் போனுக்கு சிக்னல் எடுக்காது. மேட்டில் பாறை மேல் ஏறினால் எடுக்கும். தாரணி ஏறினாள். நானும் ஏறினேன். ஹெலனுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்க வேண்டும்.

தாரணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தனை வருஷத்தில் என் மாணவர் யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார் ஹெலன். "நானும் சொன்னதில்லை. அரிவாளைக் காட்டிவிட்டு ரத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நம் தவறு. அதைச் சரிசெய்யாமல் வராதே."

பிறகு விளக்கினார். தாரணி பாறையில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். அரிவாளில் இருக்கும் இரும்பு திருவிழாக் கூட்டம் போல. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். காந்தம் இழுத்தால் மொத்தமும் சேர்ந்து சாயும். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஒற்றை ஒற்றையாகத் தனித்தனிப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. கூட்டம் சேராது. காந்தத்துக்கு அதன் மேல் பிடியே கிடையாது.

"புரியுதாப்பா?"

"எனக்குப் புரியுது. உங்க அத்தைக்குச் சொல்லிக் காட்டினா பத்தாது" என்றேன்.

"மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க."

இறங்கி வந்து முதலில் மாத்திரையில் காந்தத்தை வைத்தாள். அசையவில்லை. கேழ்வரகு மாவில் வைத்தாள். அசையவில்லை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்துக்குள் போனால் அது வேற மாதிரி ஆகிவிடும் என்றாள்.

மாமா சொன்னார், "அப்ப மாத்திரயக் கிளறுன கோழி இருக்குதுல்ல. அது ரத்தத்துல பாத்துருவோம். எப்படியும் கொழம்பு வைக்கோணும்." நாங்கள் வந்த நாளிலிருந்தே கோழிக் குழம்பு என்று சொல்லக் காத்திருந்தார் போல.

கோழி ரத்தம் வட்டிலில் வந்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அசையவில்லை.

"கோழி கோழிதான், மனுசி மனுசிதான்" என்றாள் அக்கா.

தாரணி ஒரு ஊக்கை எடுத்து அடுப்புத் தணலில் காட்டி, ஆறவிட்டு, தன் விரலில் குத்தினாள். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. வாழை இலைத் துண்டில் ஒரு சொட்டு. காந்தத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். சொட்டு அப்படியே இருந்தது.

"பாருங்க அத்தை. உங்க ரத்தம்தானே இதுவும்?"

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அண்டாவைத் துடைக்க ஆரம்பித்தேன். அது துடைத்துத்தான் இருந்தது.

அக்கா இலையைக் குனிந்து பார்த்தாள். "நீ வந்ததுல இருந்து ஒரு உருண்டை களி திங்கல. உன் ரத்தத்துல ஏது இரும்பு?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "குத்து."

ஊக்கு மறுபடி தணலுக்குப் போனது. அக்காவின் சொட்டு இலையில் விழுந்தது. காந்தம் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனது. மேலே வந்தது. அக்கா காந்தத்தைத் தானே வாங்கி உரசும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மாமா கோழியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஒட்டல" என்றாள் அக்கா. பிறகு, "ஏனுங்க, மசமசன்னு நிக்கறீங்க? கோழிய உரிங்க" என்றாள்.

அன்றைக்கு இரண்டு உருண்டை களி சாப்பிட்டாள்.

7

நாமக்கல்லில் ஸ்கேன் அறைக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். அக்கா தாலியைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டால் விழுந்துவிடும் என்றாள். கையில் வைத்திருந்தால் எங்காவது வைத்துவிடுவீர்கள் என்றாள். மாமா யோசித்தார். தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வராந்தாவில் அத்தனை பேருக்கு நடுவில் தாலியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அவர் பார்வை கதவில் இருந்தது.

உள்ளே சத்தம் தொடங்கியது. அடி, இடி, அரைப்பு எல்லாம் சேர்ந்த சத்தம். தாரணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகச் சின்னப் பிள்ளையில் பிடித்தது. நான் கையை அசைக்கவில்லை.

வெளியே வந்த அக்கா முதலில் மாமாவின் கழுத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. அப்படியே இருங்க" என்றாள்.

முதுகில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று படத்தில் இருந்தது. சீக்கிரம் வந்தது நல்லது என்றார் டாக்டர். நாங்கள் திரும்பிய வாரமே சேலத்தில் ஆபரேஷன் நடந்தது.

8

தாரணி தன் வீடியோவில் களத்து மேட்டுப் பாடத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாத்திரை, பாறை, ஊக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். வகுப்பில் அதைக் காட்டிய அன்று நான் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் கதவோரம் நின்றேன். அக்கா பேசுவதற்கு ஆங்கிலம் கீழே ஓடியது. கோழிக்குச் சிரித்தார்கள். இரண்டாவது சொட்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் சங்கீதம் படிக்கும் பையன், "அவர் கால் என்ன ஆயிற்று?" என்று கேட்டான். தாரணி, "இன்னும் தெரியவில்லை" என்றாள்.

உண்மைதான். நரம்பு விடுபட்டது, ஆனால் பாதம் அசையவில்லை. அசைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காலம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தாரணி அத்தைக்கு வீடியோவில் கூப்பிடுவாள். மாமா அக்காவைப் பாறைப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து போனைக் காலுக்கு நேரே பிடிப்பார். தாரணி எண்ணுவாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வாள். பாதம் அப்படியே கிடக்கும். பிறகு இரண்டு பேரும் வேறு எதையாவது பேசுவார்கள். மிளகு விலை, தாரணியின் நாடகம், யாருக்குக் கல்யாணம். என்னைக் கூப்பிட மாட்டார்கள். "அப்பன் எங்க?" என்று அக்கா கேட்டால், "பாத்திரம் கழுவறாங்க" என்பாள் இவள். பேச்சு தொடரும்.

மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, வாங்க" என்றாள் தாரணி. ப்ளீஸ் இல்லை. போய்ப் பார்த்தேன். திரையில் அக்காவின் பாதம், பின்னால் மஞ்சு மூடிய காடு. மாமா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னொருக்கா அத்தை" என்றாள்.

கட்டைவிரல் மேலே வந்தது. அதன் பின்னால் மற்ற விரல்கள். பிறகு பாதம், கொஞ்சம்தான், ஒரு எலுமிச்சம்பழத்தை அடியில் உருட்டிவிடுகிற உயரம். நின்றது. இறங்கியது.

போன் மேலே திரும்பியது. அக்காவின் முகம் வந்தது. வியர்த்திருந்தது.

"என்ன ரெண்டு பேரும் வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள். "ஊட்டுல சோறு ஆக்கலையா?"